கில்ட் கட்டிக்கொண்டு மலை நடை: இடுப்பு முதல் கணுக்கால் வரை ஒரு முழு வழிகாட்டி

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கொசுவம் வைத்த உடையான கில்ட் என்றதும் பேக்பைப் வாசிப்பவரும் ஸ்காட்லாந்துக் கல்யாண மாப்பிள்ளையும்தான் நம் கண்முன் வருவார்கள். ஆனால் அந்த உடை மண்டபத்துக்காகப் பிறந்தது இல்லை. ஈரமும் சேறும் ஓடைகளும் நிறைந்த ஹைலண்ட்ஸ் மலைகளில் நாள் முழுக்க நடந்து பிழைத்தவர்களின் உடை அது. முதலில் உடம்பையும் தோளையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும் பெரிய கம்பளித் துணியாக இருந்தது. பகலில் உடை, இரவில் போர்வை. 18ஆம் நூற்றாண்டில் மேல்பாதியை விட்டுவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் கட்டும் சிறிய கில்ட் பரவியது. அரசருக்கு எதிராக எழுந்த ஜாகோபைட் கலகங்களுக்குப் பிறகு 1746இல் வந்த சட்டம் மலைநாட்டு உடையைத் தடை செய்தது. 1782இல்தான் அந்தத் தடை நீங்கியது. அதற்குப் பிறகு கில்ட் மெல்ல மெல்ல விழா உடையாக மாறிப்போனது.

இன்று கில்ட்டோடு நடந்து தொடையும் முழங்காலும் புண்ணாகித் திரும்புகிறவர்கள், பெரும்பாலும் விழாவுக்குத் தைத்ததை அப்படியே மலைக்குக் கொண்டுபோனவர்கள்தான். கல்யாணக் கில்ட் வேறு, மலைக் கில்ட் வேறு. துணியின் எடை, ஓரத்தின் நீளம், பக்கிள் இருக்கும் இடம், முதுகுப்பையோடு அது ஒத்துப்போகும் விதம் என்று நாலைந்து விஷயங்களைச் சரிசெய்துவிட்டால், ஈரமான ஊரில் பேன்ட்டைவிடச் சுகமான நடை உடை இது என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்த வழிகாட்டி முழுக்க வெஸ்ட் ஹைலண்ட் வே பாதையை மனத்தில் வைத்து எழுதியது. கிளாஸ்கோவுக்கு வடக்கே உள்ள மல்கையில் தொடங்கி, லோக் லோமண்ட் ஏரிக்கரை, ரானக் மூர் சதுப்பு நிலம், டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் ஏற்றம் வழியாக ஃபோர்ட் வில்லியம் வரை போகும் 154 கி.மீ. பாதை அது. 1980இல் திறந்தார்கள். பெரும்பாலோர் ஏழெட்டு நாளில் முடிக்கிறார்கள். கில்ட் அணிந்தவருக்கு வரக்கூடிய எல்லாச் சோதனையும் அந்த ஒரே பாதையில் வந்துவிடும்.

முதல் படி: எந்தக் கில்ட்?

பாரம்பரியக் கில்ட்டுக்கு 8 கெஜம் துணி போகும். கொசுவம் முழுக்கப் பின்பக்கம் இருக்கும். முன்பக்கம் தட்டையாக இரண்டு அடுக்கு, ஒன்றன்மேல் ஒன்று. கம்பளித் துணியை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள்: 16 அவுன்ஸ் கனமானது, 13 நடுத்தரம், 10 அல்லது 11 மெல்லியது. 8 கெஜம், 16 அவுன்ஸ் கில்ட் ஏறத்தாழ 2 கிலோ வரும். கம்பளி தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கைக்கே தெரியாமல் இழுத்துக்கொள்ளும். மழையில் முழுதாக நனைந்தால் இன்னும் கூடும். அந்தப் பாரம் நாள் முழுக்க இடுப்பில் தொங்கும்.

அதற்காக மிக மெல்லிய துணிக்கும் போகாதீர்கள். 10 அவுன்ஸ் துணி காற்றில் நிற்காது, கொசுவமும் சீக்கிரம் கலைந்துபோகும். மலைக்கு என் தேர்வு 5 கெஜத்தில் தைத்த 13 அவுன்ஸ் கம்பளிக் கில்ட். எடை ஏறத்தாழ பாதியாகிவிடும். பின்பக்கம் ஓரளவு பாரம் இருப்பதால் காற்றுக்கும் தாங்கும். 4 கெஜத்தில் அகலமான பெட்டி மடிப்பு வைத்துத் தைக்கும் பழைய பாணியும் உண்டு. அதில் உட்கார்ந்தால் பின்பக்கம் மேடாகத் துருத்தாது. முதுகுப்பையோடு நடப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு.

பருத்திக் கான்வாஸில் பக்கவாட்டுப் பைகள் வைத்துத் தைக்கும் நவீனக் கில்ட்டுகள் அமெரிக்காவிலிருந்து பரவின. வெயில் ஊருக்கும் வறண்ட பாதைக்கும் அவை சரி. ஸ்காட்லாந்து மழைக்கு வேண்டாம். நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டி, சூட்டை உறிஞ்சி, மறுநாள் காலையிலும் காயாமல் கிடக்கும். பாலியெஸ்டர் கலந்த மலிவான கில்ட் சீக்கிரம் காயும். ஆனால் எடை போதாமல் பறக்கும், வியர்வை வாடையும் ஏறும். கோடையில் ஒருநாள் நடைக்கு மட்டும் அது போதும்.

குலத்துக்கு ஒன்றாக அடையாளம் சொல்லும் கட்டம்போட்ட துணிதான் டார்ட்டன். 'நான் ஸ்காட்லாந்துக்காரன் இல்லையே, டார்ட்டன் கட்டலாமா?' என்று தயங்குகிறவர்கள் உண்டு. தாராளமாகக் கட்டலாம். எந்த டார்ட்டனை யார் கட்டலாம் என்று சட்டம் எதுவும் கிடையாது. பிளாக் வாட்ச் போன்ற, எல்லோரும் அணியும் டார்ட்டன்கள் இருக்கின்றன. கரும்பச்சையும் கருநீலமும் கலந்த அது மலைக்கு இன்னொரு விதத்திலும் வசதி: சேறு தெரியாது. ஒரே நிற ட்வீட் கில்ட்டும் அழகாக இருக்கும். வழியில் பார்ப்பவர்கள் எந்தக் குலம் என்று கேட்பார்கள். பிடித்ததால் கட்டினேன் என்று சொன்னால் சந்தோஷமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டாம் படி: கட்டும் இடமும் நீளமும்

கில்ட் நிற்க வேண்டிய இடம் தொப்புள் மட்டம். பேன்ட் போடும் பழக்கத்தில் இடுப்பெலும்பு மீது இறக்கிக் கட்டினால் நடக்க நடக்க வழுகும், ஓரமும் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். மேல்பட்டை விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள குறுகலான இடத்தில் இறுக்கமாக, ஆனால் மூச்சு முட்டாமல் நிற்க வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் சரி. நடையின் மூன்றாம் நாள் வயிறு சற்று இளைக்கும். பக்கிளில் ஒரு துளை இறுக்கிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

நீளம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். விழாவில் ஓரம் முழங்கால் சில்லின் நடுவில் நிற்கும். அந்த நீளத்தில் மலை ஏறினால், ஒவ்வொரு அடிக்கும் பின்பக்க ஓரம் முழங்கால் மடிப்பில் போய் அடிக்கும். உலர்ந்த துணி அடித்தால் ஒன்றும் தெரியாது. நனைந்த கம்பளி ஓரம் ஆயிரக்கணக்கான முறை அதே இடத்தில் அடித்தால் தோல் கழன்றுவிடும். முதல் உலகப் போரில் பிரான்ஸின் பதுங்குகுழிகளில் கில்ட் அணிந்து போரிட்ட ஹைலண்ட் படையினருக்கு இது கொடுமையாக இருந்தது. சேறு தோய்ந்த ஓரம் குளிரில் உறைந்து, காலின் பின்பக்கத்தை அறுத்தது.

எனவே மலைக் கில்ட்டின் ஓரம் முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 3 முதல் 5 செ.மீ. உயரத்தில் நிற்கட்டும். தைக்கக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே நீளமான கில்ட் இருந்தால் ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டாம். மடித்த இடம் தடித்து, இன்னும் மோசமாக உரசும். டார்ட்டன் துணியின் நெய்த கரையே ஓரமாக வரும்படி வைப்பதன் காரணமே அந்தத் தடிப்பு வரக்கூடாது என்பதுதான். அதற்குப் பதில், அன்றைக்கு மட்டும் கில்ட்டை இடுப்பில் ஒரு விரற்கடை ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உள்ளே என்ன?

கில்ட்டுக்குள் ஒன்றும் அணியக்கூடாது என்ற பேச்சு ஹைலண்ட் ராணுவப் படைகளின் வழக்கத்திலிருந்து வந்தது. மலை நடைக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். காரணம் வெட்கம் மட்டுமில்லை. பேன்ட்டில் இரண்டு தொடைக்கும் நடுவே துணி இருக்கிறது. கில்ட்டில் தோலும் தோலும் நேராக உரசும். வியர்வையில் உள்ள உப்பு காய்ந்து, உப்புத்தாள் வைத்த மாதிரி தேய்க்கும். பத்து கிலோமீட்டருக்குள் எரிச்சல் ஆரம்பிக்கும், இருபதுக்குள் புண்ணாகிவிடும்.

தொடையில் பாதி வரை இறங்கும், நீண்ட கால் வைத்த மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை வேண்டும். கால் பகுதி மேலே சுருண்டு ஏறாமல் பிடிக்க வேண்டும். தொடையின் உள்பக்கம் தையல் வரக்கூடாது. அடர் நிறமாக இருந்தால் வேலி தாண்டும்போதும் தங்கும் விடுதியில் மேல் படுக்கைக்கு ஏணி ஏறும்போதும் நிம்மதி. பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு இருந்தால் போதும்: ஒன்றை அணிந்து, ஒன்றைத் துவைத்து முதுகுப்பையின் வெளியே தொங்கவிட்டுக் காயவைக்கலாம். பெண்களுக்கும் இதே ஏற்பாடுதான். கில்ட்டில் மலை ஏறும் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டும் குட்டை ஷார்ட்ஸும் நன்றாகப் பொருந்தும்.

உள்ளாடை இருந்தாலும் காலையில் கிளம்பும் முன் தொடையின் உள்பக்கம், முழங்காலின் பின்மடிப்பு இரண்டிலும் வாஸ்லின் அல்லது உரசல் தடுக்கும் குச்சி வடிவக் களிம்பைத் தடவிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும். நம் பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் எடுத்துப்போகத் தோன்றும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், ஸ்காட்லாந்தில் கோடையிலும் அநேக நாள் கட்டியாகவே இருக்கும். தேய்த்தாலும் சீக்கிரம் வழிந்து, கம்பளியில் கறையாகிவிடும்.

எரிச்சல் தெரிந்த உடனே நிறுத்திப் பாருங்கள். அடுத்த ஊர் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று நடக்காதீர்கள். தண்ணீரால் உப்பைக் கழுவி, நன்றாக ஒற்றி, முழுக்கக் காய்ந்த பிறகு களிம்பு. தோல் ஏற்கெனவே கழன்றிருந்தால் துத்தநாக ஆக்ஸைடு களிம்பு, அன்றிரவு காற்றோட்டமாகத் தூக்கம்.

நான்காம் படி: முழங்காலுக்குக் கீழே

கில்ட்டோடு அணியும் நீண்ட கம்பளிக் காலுறையை ஹோஸ் என்பார்கள். விழாக்களில் வெள்ளை நிறத்தில் பார்த்திருப்பீர்கள். மலைக்குக் கரும்பச்சை, பழுப்பு, சாம்பல். அதை முழங்காலுக்குக் கீழே மடித்துவிட்டு, கீழே வழுகாமல் இருக்க உள்ளே ஒரு எலாஸ்டிக் வார் கட்டுவார்கள். அந்த வாரை விழாவில் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினால் கெண்டைக்காலில் இரத்த ஓட்டம் குறைந்து கால் கனக்கும். அகலமான வார், தளர்வான முடிச்சு. இன்னும் எளிது, முழங்கால் வரை வரும் நல்ல மெரினோ நடைக் காலுறையே போட்டுக்கொள்வது. அதற்கு வாரே வேண்டாம்.

விழாவில் காலுறையில் செருகும் சிறு கத்தியான ஸ்கீயன் டூவை வீட்டில் விட்டுவிடுங்கள். தேசிய உடையின் பாகமாக அதை அணிய அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் நடையில் அது கெண்டைக்காலை உரசுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. 3 அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்தி ஒன்று பையில் இருந்தால் வேலைக்கு ஆகும்.

கெய்ட்டர் கட்டாயம். பூட்ஸின் மேல்விளிம்பிலிருந்து கெண்டைக்கால் வரை மூடும் நீர்புகாத் துணி உறை அது. வெறும் காலில் வழியும் மழைநீர் நேராகக் காலுறைக்குள் இறங்கி, காலுறை வழியாக பூட்ஸுக்குள் போய்ச் சேரும். கில்ட்டில் நடப்பவர்களின் பூட்ஸ் உள்ளிருந்து நனைவது இதனால்தான். கெய்ட்டரின் மேல் வாரை ஹோஸின் மடிப்புக்குக் கீழே நன்றாக இழுத்துக் கட்டினால் பாதி நீராவது வெளியே போகும். சதுப்பு நிலச் சேறு, திஸில் முள், கோர்ஸ் புதர் எல்லாவற்றுக்கும் அதுவே கவசம்.

அப்புறம் உண்ணி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மான்களும் செம்மறியாடுகளும் உலவும் மலைகளில், இடுப்பளவு வளரும் பிராக்கன் பெரணிகளிலும் நீண்ட புல்லிலும் உண்ணி காத்திருக்கும். வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை இது அதிகம். சின்னவை கசகசா அளவுதான் இருக்கும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். முழங்காலும் தொடையும் திறந்திருக்கும் கில்ட்காரர் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பெரணிக்குள் புகுந்து குறுக்கே போகாமல் பாதையின் நடுவில் நடங்கள். தினமும் மாலையில் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, கில்ட் இறுக்கும் இடுப்புக் கோடு, அக்குள் எல்லாம் விரலால் தடவியும் கண்ணால் பார்த்தும் தேடுங்கள். கடித்திருந்தால், கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவதோ நெருப்பு வைப்பதோ நசுக்குவதோ கூடாது. சீக்கிரம் எடுக்க எடுக்க நோய்க்கான வாய்ப்பு குறையும். கடித்து 1 முதல் 4 வாரத்துக்குள் அந்த இடத்தில் வட்டமாகப் பரவும் சிவப்பு தெரிந்தால், அல்லது காய்ச்சல் மாதிரி இருந்தால், உண்ணி கடித்ததைச் சொல்லி உடனே மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் அதற்குள் ஊர் திரும்பியிருக்கலாம், ஸ்காட்லாந்தில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெயிலையும் மறக்க வேண்டாம். வெஸ்ட் ஹைலண்ட் வேயைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நடப்பார்கள். சூரியன் முதுகுப்பக்கம். பேன்ட் போட்டவருக்குக் கழுத்துதான் கறுக்கும். உங்களுக்கு முழங்காலின் பின்பக்கமும் வெந்துபோகும். வெந்த தோலில் ஓரமும் உரசினால் அன்றிரவு தூக்கம் போச்சு. வெயில் களிம்பைக் காலையில் முழங்காலைச் சுற்றிலும் தடவி, அது ஊறிய பிறகு உரசல் களிம்பு.

ஐந்தாம் படி: கில்ட்டும் முதுகுப்பையும்

இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, பாதையில்தான் எல்லோருக்கும் தெரியவருகிறது. நல்ல முதுகுப்பை தன் பாரத்தின் பெரும்பகுதியை இடுப்புப்பட்டை வழியாக இடுப்பெலும்பில் இறக்கும். கில்ட்டின் வார்களும் பக்கிள்களும் அங்கேதான் இருக்கின்றன.

பாரம்பரியக் கில்ட்டில் மூன்று வார்: இடப்பக்கம் இடுப்பில் ஒன்று, வலப்பக்கம் இடுப்பில் ஒன்று, வலப்பக்கம் அதற்குக் கீழே பிட்டத்தின் பக்கவாட்டில் ஒன்று. இந்த மூன்றாவது பக்கிள் சரியாக இடுப்புப்பட்டைக்கு அடியில் போய் உட்காரும். பன்னிரண்டு கிலோ பாரம் அதன்மேல் அழுத்தினால், மாலைக்குள் எலும்பின்மேல் நீலமாகக் கன்றிவிடும். தீர்வு எளிது. அந்த வாரைக் கழற்றிவிடுங்கள். முன்தட்டு அழகாகப் படிந்து நிற்பதற்காக மட்டுமே அது இருக்கிறது. கில்ட்டைத் தாங்குவது மேலே உள்ள இரண்டும்தான். புதிதாகத் தைப்பதானால் அது இல்லாமலே தைக்கச் சொல்லலாம். அகலமான தோல் பெல்ட்டும் வேண்டாம்.

பையை மாட்டும் வரிசையும் முக்கியம். முதலில் சட்டையைச் சுருக்கமில்லாமல் கில்ட்டுக்குள் செருகுங்கள். அங்கே ஒரு சுருக்கம் இருந்தாலும் பட்டை அதைத் தோலுக்குள் அழுத்தும். கில்ட் வார்களை இறுக்குங்கள். பையைத் தோளில் மாட்டி, இடுப்புப்பட்டையைப் பூட்டாமல் தொங்கவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கொசுவத்தை இடமிருந்து வலமாகத் தடவிப் படியவைத்து ஓரத்தைக் கீழே இழுத்துவிடுங்கள். கொசுவம் மேலே தைத்திருக்கும் பகுதியின்மீதுதான் பட்டை உட்கார வேண்டும். விரியும் பகுதியில் உட்கார்ந்தால் மடிப்புகள் கன்னாபின்னாவென்று மடங்கிக் குவியும். இப்போது பட்டையைப் பூட்டுங்கள். நடக்க நடக்க பட்டை கில்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் மேலே தூக்கும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பட்டையைத் தளர்த்தி ஓரத்தை இழுத்துவிட்டுப் பூட்டுவது பழக்கமாகிவிட வேண்டும்.

பையின் முதுகுத்திண்டு கொசுவத்தின் மேல்பகுதியை நாள் முழுக்கத் தேய்க்கும். விலை உயர்ந்த, குடும்பத்தில் வந்த கில்ட்டானால் அதைப் பல நாள் நடைக்குக் கொண்டுபோகாதீர்கள். சாமானை ஊரிலிருந்து ஊருக்கு வண்டியில் அனுப்பும் சேவைகள் இந்தப் பாதையில் உண்டு. ஐந்தாறு கிலோ சிறுபையோடு நடந்தால் மேலே சொன்ன தொல்லையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். முதல்முறை கில்ட்டில் நடப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

முன்னால் தொங்கும் ஸ்போரன் பை இறக்கத்தில் தொடையில் அடித்துக்கொண்டே வரும், அதன் சங்கிலி இடுப்புப்பட்டைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டுக்குத் திருப்பிவிடலாம். இல்லாவிட்டால் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, இடுப்புப்பட்டையில் உள்ள சிறு பையைப் பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: காற்று, மழை, குளிர்

அங்கே காற்று அதிகமும் தென்மேற்கிலிருந்து வீசும். வடக்கே நடப்பவருக்கு அது பின்காற்று, கொசுவத்தைத் தூக்கப் பார்க்கும். பை மாட்டியிருக்கும்போது இடுப்புப்பட்டை பிடித்துக்கொள்ளும். பையை இறக்கிவைக்கும் அந்த நேரம்தான் ஆபத்து. கோனிக் ஹில் மாதிரி 361 மீட்டரில் திறந்த மேட்டில் ஏரியைப் பார்த்து நிற்கும்போது, முகத்தைக் காற்றுக்குக் காட்டி நின்றுகொண்டு பையை இறக்குங்கள். முன்தட்டு காலோடு ஒட்டிக்கொள்ளும், பின்பக்கக் கொசுவத்தைக் கையால் பிடித்துக்கொள்ளலாம். கில்ட் ஊசியை மேல்தட்டில் மட்டும்தான் குத்த வேண்டும். காற்றுக்குப் பயந்து இரண்டு தட்டையும் சேர்த்துக் குத்தினால், ஒரு பெரிய எட்டு வைக்கும்போது துணி கிழியும்.

மழைக்கு நீர்புகா பேன்ட்டைக் கில்ட்டுக்கு மேலே இழுத்து மாட்ட முடியாது. இடுப்போடு நிற்கும் மழைக்கோட்டு தன் நீரையெல்லாம் முன்தட்டில் கொட்டும். தொடை நடுவரை வரும் நீளக் கோட்டு, அல்லது பையையும் சேர்த்து மூடும் போன்ச்சோ எடுத்துக்கொள்ளுங்கள். கில்ட்டுக்கு மேலே சுற்றிக்கொள்ளும் மெல்லிய நைலான் மழைச்சுற்றும் கிடைக்கிறது. நூறு கிராம்கூட இருக்காது, நாள் முழுக்கப் பெய்யும் மழையில் அதன் அருமை தெரியும். சாரலுக்கு ஒன்றும் வேண்டாம். கம்பளி தாங்கும். சாரல் நின்ற பத்தாவது நிமிடம் உங்கள் கால் உலர்ந்திருக்கும், பக்கத்தில் வருபவரின் பேன்ட் மதியம் வரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

குளிரைப் பொறுத்தவரை, நடந்துகொண்டிருக்கும்வரை தொடைக்கு ஒன்றும் ஆகாது. நின்றால்தான் நடுக்கம். ரானக் மூரில் ஒதுங்க இடமே கிடையாது, அங்கே ஓய்வைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பையின் மேல்பகுதியிலேயே ஒரு மெரினோ லெக்கிங்ஸ் இருக்கட்டும். கில்ட்டைக் கழற்றாமலே உள்ளே மாட்டிக்கொள்ளலாம் என்பது இந்த உடையின் பெரிய வசதி. பனியும் பனிக்கட்டியும் உள்ள குளிர்கால உச்சிகளுக்கு, 1,345 மீட்டர் பென் நெவிஸ் உட்பட, கில்ட் வேண்டாம். அங்கே காற்று உயிருக்கே ஆபத்து. முறையான குளிர்காலப் பேன்ட்டோடு போங்கள்.

ஏழாம் படி: பாதையில் உட்காருவது, தாண்டுவது, கடப்பது

உட்காரும் முன் புறங்கையால் கொசுவத்தைப் பின்னால் கீழ்நோக்கி வாரிவிட்டு உட்கார வேண்டும். மடங்கிய கொசுவத்தின்மேல் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது பின்பக்கம் கசங்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். முழங்காலைச் சேர்த்துவைத்து, முன்தட்டை நடுவில் அழுத்திவிடுங்கள். ஈரப் பாறையும் ஹெதர் புதரும்தான் அங்கே நாற்காலி என்பதால், மடக்கி வைக்கும் சிறு நுரைப்பாய் ஒன்று அவசியம்.

வேலி தாண்டும் மர ஏணிப்படிகளில் ஏணியைப் பார்த்தபடி ஏறி, பார்த்தபடியே இறங்குங்கள். கூட வருபவர்களை முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாக ஏறினால் யாருக்கும் சங்கடமில்லை. முள்கம்பி கொசுவத்தில் மாட்டினால் இழுக்காதீர்கள். பின்னோக்கி ஒரு அடி வைத்து, கையால் விடுவியுங்கள்.

இன்வர்ஸ்னேயிட்டுக்கு முன்னும் பின்னும் லோக் லோமண்டின் கிழக்குக் கரையில் பாதை வேரும் பாறையுமாக ஏறி இறங்கும். பேன்ட் முழங்காலில் பிடித்து இழுக்கும் அந்த உயரமான படிகளில், கில்ட்டின் அருமை தெரியும். கொசுவம் விரிந்து காலுக்கு வழிவிடும். ஓடை கடக்கவும் அப்படித்தான். சுருட்டிவிட எதுவும் இல்லை. ஒதுங்கவும் எளிது: தண்ணீரிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளிப் போங்கள், குழி தோண்டி மூடுங்கள்.

எட்டாம் படி: மாலையில் மிட்ஜ் வரும்

மேற்கு ஹைலண்ட்ஸில் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காற்றில்லாத மேகமூட்டமான காலையிலும் மாலையிலும் மிட்ஜ் என்ற மிகச்சிறிய கடிபூச்சி கூட்டம் கூட்டமாக வரும். மணிக்கு 11 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்று வீசினால் அவற்றால் பறக்க முடியாது. நடந்துகொண்டிருந்தாலும் தொல்லை குறைவு. கூடாரம் அடிக்க நின்றதும் மொய்க்கும், கில்ட்டுக்குள்ளும் புகும். இங்கே வீரம் வேண்டாம். முகாம் வந்ததும் முதல் வேலையாகக் கில்ட்டைக் கழற்றி, நீண்ட பேன்ட் போட்டு, கால்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அப்புறம் கூடாரம். பகல் நேரத்துக்குப் பிக்காரிடின் கலந்த பூச்சிவிரட்டி நல்லது. டீட் என்ற இன்னொரு பூச்சிவிரட்டி பிளாஸ்டிக்கை அரிக்கும், இது அரிக்காது. உண்ணிக்கும் உதவும்.

ஒன்பதாம் படி: இரவில் கில்ட்டுக்கும் கொஞ்சம் கவனிப்பு

நனைந்த கில்ட்டைக் கணப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் போடாதீர்கள், கம்பளி சுருங்கும். கொசுவத்தைக் கையால் ஒவ்வொன்றாக நேராக்கி, மேல்பட்டையில் கிளிப் மாட்டிக் காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். கூடாரமானால் ஒரு கயிறு, இரண்டு கிளிப் போதும். சேற்றை ஈரத்தில் தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும். காயவிட்டு மறுநாள் காலையில் தூரிகையால் தட்டினால் உதிர்ந்துவிடும். ஓரத்தின் உள்பக்கத்தை முக்கியமாகத் தட்டுங்கள். காய்ந்த சேறு ஒட்டிய ஓரம்தான் முழங்காலை அறுக்கும்.

பையில் வைக்க வேண்டிவந்தால் சதுரமாக மடிக்க வேண்டாம். கொசுவத்தின் வாக்கிலேயே நீளமாகச் சுருட்டி, பழைய நைலான் காலுறையின் கால்பகுதியை வெட்டி அதற்குள் நுழைத்துவிடுங்கள். ஹைலண்ட் நடனக்காரர்களும் பேண்ட் வாத்தியக்காரர்களும் பயணத்தில் செய்வது இதுதான். எடுக்கும்போது இஸ்திரி தேவையே படாது.

ஊர் திரும்பியதும் குளிர்ந்த நீரில், கம்பளிக்கான சோப்புக் கரைசலில் ஊறவைத்து, பிழியாமல் நீரை வடியவிட்டு நிழலில் காயவையுங்கள். அதற்கு முன் கொசுவங்களை ஓரத்திற்கு அருகே நீண்ட தையலால் சேர்த்து ஓட்டிவிட்டால், காய்ந்த பிறகு அதே மடிப்பில் ஈரத்துணி வைத்து இஸ்திரி போட முடியும். உள்பட்டை கான்வாஸ் வைத்துத் தைத்த 8 கெஜக் கில்ட்டானால் வீட்டில் நனைக்காமல் கில்ட் தெரிந்த டிரை கிளீனரிடம் கொடுப்பது நல்லது. அழுக்கோடு மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள். வியர்வை படிந்த கம்பளியைத்தான் அந்துப்பூச்சி முதலில் தேடி வரும்.